சத்தம் ஜாஸ்தி, அவ்ளோதான்

ஆம்பூர் ஷூ கம்பெனியில தையல் லைன் பொம்பளைங்க எட்டு பேரு ஆண்டு விழாவுல போடறதுக்குப் பாடிப் பதிஞ்ச பாட்டு. தனித்தனியா பதிஞ்ச கொரலையும் மேளத்தையும் கலந்து அதே லைன் சுந்தரி ஒண்ணு பண்ணியிருந்தா, வேலூர் ஸ்டுடியோக்காரன் ஒண்ணு பண்ணியிருந்தான். சாப்பாட்டு நேரத்துல, தோல் தரம் பிரிக்கிற ஹால்ல ரெண்டையும் போட்டாங்க.

சுந்தரியோடது முடிஞ்சப்ப எல்லாரும் டிபன் பாக்ஸ்லயே கண்ணா இருந்தாங்க. ஸ்டுடியோக்காரனுது வந்துச்சு பாருங்க, ஸ்பீக்கரே அதிர்ந்துச்சு. ஹாலே கைதட்டுச்சு.

"இதாம்மா பாட்டு! உன்னுதுல ஜீவன் கம்மி. நாளைக்கு இதையே போட்டுருவோம்"ன்னாரு மேனேஜர் லியாகத் அலி.

பாட்டுக் கலக்கறது, சுந்தரி ரெண்டு வருஷமா வேலை முடிஞ்சு வந்து செல்போனப் பாத்துப் பாத்து தானா கத்துக்கிட்டது. நாளைக்கு மேடையில தம்பேரச் சொல்லுவாங்கன்னு இருந்தா.

"சார், அது ஒசத்தி இல்ல. சத்தம் ஜாஸ்தி, அவ்ளோதான்."

"தோத்தவங்க வேற இன்னா சொல்லுவாங்க?"ன்னு சிரிச்சான் இன்பராஜ். இருவது வருஷமா தோல் தரம் பிரிக்கிறவன்.

சுந்தரி அவன் பக்கம் திரும்புனா. "அண்ணே, ஒரு தோல ஜன்னல் வெளிச்சத்துலயும் இன்னொண்ண பல்பு அடியிலயும் வெச்சு தரம் சொல்லுவியா?"

"எவன் சொல்லுவான்? ரெண்டும் ஒரே வெளிச்சத்துல வரணும்."

"காதுக்கு மட்டும் இன்னா வேற ஞாயம்?"

இன்பராஜ் தலையச் சொறிஞ்சான். "அவ கேக்கறது சரிதான் சார். மறுபடி போடச் சொல்லுங்க."

சுந்தரி ஸ்டுடியோ பாட்டக் கொறச்சு, ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டாந்தா. எது யாருதுன்னு சொல்லாமப் போட்டா.

மொதல்ல வந்ததுல எட்டு கொரலும் பெசஞ்ச மாவாட்டம் கெடந்துச்சு. மேளம் தகர டப்பா. ரெண்டாவதுல மேளத்தோட ஒவ்வொரு அடியும் தனியா விழுந்து அடங்குச்சு. பாட்டெடுக்கற மெர்சி மூச்சு இழுக்கறது கூட கேட்டுச்சு.

"அய்யோ, இதுலதான் நான் இருக்கேன்!"ன்னு கத்துனா மெர்சி.

"ரெண்டாவதுதான் சார்"ன்னான் இன்பராஜ்.

மேனேஜர் விடல. முன்னப் பின்ன மாத்தி மூணு வாட்டி போடச் சொன்னாரு. மூணு வாட்டியும் அவரு வெரல் நீட்டுனது ஒரே பாட்டுக்குத்தான்.

"யாருதும்மா இது?"

"என்னுது சார்."

"அட! ஆனா ரெண்டாயிரம் பேரு வருவாங்களே, சத்தம் பத்துமா?"

"ஸ்பீக்கர்ல எவ்ளோ வேணா ஏத்திக்கலாம் சார். சத்தத்துக்காக அவனாட்டம் நசுக்கிட்ட பாட்டத்தான் நிமித்த முடியாது."

லியாகத் அலி விழாக் காகிதத்துல ஸ்டுடியோ பேர அடிச்சுட்டு, அவ பேர எழுதுனாரு.

சுந்தரி எட்டிப் பாத்தா. "தையல் லைன்னும் சேத்து எழுதுங்க சார்."