சுற்றிப் பார்க்கும் கமரா

ஜெயராணி ஐந்தாவது தடவையாக அந்தத் தரையைத் துடைத்தாள். திகனவில் மஹ்ரூப் ஹாஜியாருடைய மாடிவீட்டின் சமையலறை அது. காலையில் வந்தபோது தரை பளபளவென்றுதான் இருந்தது. படம் பிடிக்க வந்த கஜேந்திரன்தான் ஒரு கோப்பை பிளேன்டீயை ஊற்றிவிட்டு அவளைத் துடைக்கச் சொன்னான். துடைத்து முடித்ததும் மறுபடியும் ஊற்றினான்.

அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. குவைத்தில் வேலை செய்த வீட்டு மெடம் சூடான அயன்பெட்டியை வைத்து அழுத்திய கை. ஊருக்குத் திரும்பி ஒன்றரை வருஷம் ஆகிறது. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு நாள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனாள். மூன்றாம் நாள், இந்தக் கையை வைத்துக்கொண்டு மலைக்கு வரவேண்டாம் என்று கங்காணி சொல்லிவிட்டார். அதன்பிறகுதான் கண்டியிலிருந்து உதவி அமைப்புக்காரப் பெண் நிஷாந்தி அவளைத் தேடி லயத்து வீட்டுக்கு வந்தாள்.

"குவைத்துல நடந்தத படமா எடுப்போம். வெளிநாட்டு ஆளுங்க கண்ணாடி மாதிரி ஒன்னு மாட்டிக்கிட்டு அத பாப்பாங்கக்கா. உங்க பக்கத்துலயே நிக்கிற மாதிரி இருக்கும். அவங்க மனசு எரங்கினாத்தான் உங்க கை ஆபரேஷனுக்கு ஏதாவது செய்யலாம்."

கமரா ஒற்றைக் காலில் நின்றது. தேங்காய் அளவு உருண்டை. சுற்றிவர அதற்குக் கண்கள்.

"இது எல்லாப் பக்கமும் பிடிக்கும் அக்கா. அதால நாங்கள் ஒருத்தரும் உள்ள நிக்க ஏலாது" என்றான் கஜேந்திரன். யாழ்ப்பாணத்துப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். சமையலறைக்குப் பின்னாலிருந்த சாமானறையில் ஒரு பாயை விரித்துக் கமராவை அங்கே கொண்டுபோய் வைத்தான். "கடைசிக் காட்சி. குவைத் மெடம் உங்களை உள்ள விட்டுப் பூட்டிட்டுப் போறா. நீங்கள் சும்மா இருந்தாப் போதும். நான் வெளியில டெப் திரையில பாத்துக்கொண்டிருப்பன்."

"பூட்டத்தான் வேணுமா சேர்?"

"பூட்டுற சத்தம் வேணும் அக்கா."

ஜன்னலில்லாத அறை. வெளியே நிஷாந்தி தாழ்ப்பாளைப் போட்டாள். ஜெயராணி பாயில் உட்கார்ந்தாள். முதலில் பயம் ஒன்றும் தெரியவில்லை. கைகளில் தரை துடைத்த குளோரின் வாடை ஒட்டியிருந்தது. குவைத் வீட்டிலும் அவள் கையில் இதே வாடைதான் இருந்தது. எழுந்து போய்க் கதவை மெல்லத் தட்டினாள்.

"மிஸ்."

கதவுக்குக் கீழே வெளிச்சக் கோட்டில் இரண்டு கால்களின் நிழல் தெரிந்தது. அந்த வீட்டிலும் இப்படித்தான் நிழல் வந்து நிற்கும், கதவு திறக்காது.

"போதுங்க மிஸ். தொறங்க."

நிழல் கொஞ்சம் அசைந்தது. அவள் வலது கையாலேயே ஓங்கி அடித்தாள். "தொறங்க மிஸ்! நான் நடிக்கலீங்க! நெசமா நடிக்கலீங்க!" வெளியே யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். குரல் கம்மிப் போய், கதவோடு சரிந்து தரையில் விழுந்தாள்.

மாடிப்படியில் தடதடவென்று யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. ஹாஜியாரின் மனைவி. "என்ன புள்ள இந்த வேல? அந்த மனிசி உசிர் போற மாதிரி கத்துறா, நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!"

தாழ்ப்பாள் விலகியது. ஜெயராணி கைகளை ஊன்றித் தவழ்ந்துதான் வெளியே வந்தாள். நிஷாந்தியின் கன்னமெல்லாம் கண்ணீர். ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"நான் கூப்புட்டேனே மிஸ்."

"கேட்டுச்சுக்கா" என்றாள் நிஷாந்தி. "அவ்வளவு நல்லா வந்துச்சு. அதான் நிறுத்தல."

கஜேந்திரன் டெப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாலு நிமிஷமும் வந்திருக்கு. நடிக்கேல்லை எண்டு சொல்ற இடத்தை மட்டும் வெட்டவேணும்."

ஹாஜியாரின் மனைவி ஜெயராணியின் விரல் மூட்டில் வழிந்த இரத்தத்தை ஈரத்துணியால் ஒற்றியெடுத்தாள். பிறகு ஒரு தட்டில் சோறும் பருப்பும் போட்டுக் கொடுத்தாள். ஜெயராணி தரையிலேயே உட்கார்ந்து இடது கையால் பிசைந்தாள்.

"மிஸ், அந்த ஆபரேஷன்…"

"படத்த அவங்க பாக்கட்டும்க்கா. பாத்த பெறகு பேசலாம்."

கஜேந்திரன் படம் பார்க்கும் அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து நிஷாந்தியின் தலையில் மாட்டி, பின்னால் பட்டியை இறுக்கினான். அவள் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினாள். ஒரு பக்கம் திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, பாவம்க்கா" என்றபடி குனிந்து, ஒன்றுமில்லாத இடத்தில் யாருடைய தலையையோ தடவினாள்.

பிறகு பார்க்கத் தாளாமல் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அவளுடைய சப்பாத்து சோற்றில் பட்டுவிடாமல், ஜெயராணி தட்டை இழுத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள்.