இருபது நிமிடம்

அப்பாவின் மார்பைச் சுற்றி இரண்டாவது கயிற்றை இழுத்துக் கட்டும்போது படகு மறுபடியும் சாய்ந்தது. கொரின் முட்டிபோட்டபடியே சறுக்கிப்போய் ஐஸ்பெட்டியில் மோதினாள். வலிக்கவில்லை. திரும்ப வந்து முடிச்சை இறுக்கினாள். கேபின் பெஞ்சில் கிடந்த அப்பா வெண்டலின் தாடியில் உப்பு காய்ந்திருந்தது.

மேலே சுக்கானைப் பிடித்திருந்த தம்பி ராய்ஸ் கத்தினான். "கட்டிட்டியா அக்கா? முகத்துவாரத்துல அலை உடையுது. ஆட்டம் ஜாஸ்தியா இருக்கும்!"

"கட்டிட்டேன்."

"விழுந்துரப் போறாரு, பாத்துக்கோ."

அவள் பெஞ்சை அணைத்துப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

ஹட்டெரஸ் கடலில் பிப்ரவரி மாத வாடைக்காற்றுக்குத்தான் பெரிய சூரை மீன் மேலே வரும் என்பது அப்பாவின் கணக்கு. முப்பது வருஷம் தபால் ஆபீஸில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர், ஓய்வுபெற்ற வாரமே இந்தப் பழைய படகை வாங்கினார். ஒரு மீனையும் விற்றதில்லை. இழுத்துக் கொண்டுவந்து, பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பாதியைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார். இன்று காலை அடித்த காற்றில் மற்ற படகுகளெல்லாம் துறையிலேயே கிடந்தன. "பயந்தாங்கொள்ளிப் பசங்க" என்று சிரித்துக்கொண்டேதான் படகின் கயிற்றை அவிழ்த்தார்.

பத்து மணிக்கு மீன் மாட்டியது. தூண்டிலின் ரீல் அலற நைலான் நரம்பு ஓடியது. அவர் படகில் பொருத்தியிருந்த சுழல்நாற்காலியில் உட்கார்ந்து இழுக்க, கொரின் பக்கத்தில் நின்று நாற்காலியை மீன் போகும் பக்கமெல்லாம் திருப்பிக் கொடுத்தாள். அரைமணி கழித்து அவர் முகம் சாம்பலாய் வெளுத்தது.

"என்னப்பா?"

"தோள்ல கொஞ்சம் பிடிப்பு. ராய்ஸ்கிட்ட சொல்லிராத. உடனே படகைத் திருப்பிருவான்."

"திருப்பட்டுமே."

"இந்த மாதிரி மீன் எனக்கு இனிமே மாட்டாதுடி. கொஞ்சம் தண்ணி குடு."

தண்ணீர் கொடுத்தாள். ராய்ஸிடம் சொல்லவில்லை. இருபது நிமிடம் கழித்து ரீலைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. ராய்ஸ் இறங்கி ஓடிவந்து அவரைக் கீழே கிடத்தி, நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தான். மூச்சு திரும்பவில்லை. நாற்காலித் தாங்கியில் செருகியிருந்த தூண்டில் கம்பு அப்போதும் வளைந்து துடித்தது. கொரின் கத்தியை எடுத்து நரம்பை அறுத்தாள்.

ராய்ஸ் ரேடியோவில் சொல்லியிருந்ததால் துறையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அதில் வந்தவர் கையில் தாளை வைத்துக்கொண்டு கேட்டார்: "வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"வலியே இல்லைங்க. திடீர்னு சாஞ்சுட்டாரு" என்றான் ராய்ஸ்.

அவர் எழுதிக்கொண்டார். கொரின் அவருடைய பேனாவையே பார்த்தாள்.

துறைக்கு வந்திருந்த அம்மா லோர்னா அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வீட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். கொரினும் ஏறிக் கதவைச் சாத்தினாள். காற்று வண்டியையே அசைத்தது.

"தோள் வலிக்குதுன்னு என்கிட்ட சொன்னாரும்மா. இருபது நிமிஷம் முன்னாடியே. நான் ராய்ஸ்கிட்ட சொல்லல."

அம்மா முன்கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கையால் துடைத்தாள்.

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து வலிச்சுது. டாக்டர்கிட்ட போலாம்னேன். இந்தக் காத்து போனதும் போலாம்னாரு. உங்க ரெண்டு பேருக்கும் தெரியக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

"நீயும் சொல்லல."

"சொல்லல."

கடற்பறவை ஒன்று எதிர்க்காற்றில் நகர முடியாமல் அந்தரத்தில் நின்றது.

"மீன் பெருசா?" என்று அம்மா கேட்டாள்.

"கடைசி வரைக்கும் மேல வரவேயில்லம்மா."

அம்மா அவள் கைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஈரத்தில் ஒட்டிப்போயிருந்த கையுறைகளை ஒவ்வொரு விரலாக உருவினாள்.

ராய்ஸ் வந்து கதவைத் திறந்தான். கொரின் நடுவுக்கு நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தாள்.