பின்னறைப் பாலை

கணவன் பாலைவனத்துக்கு வேலைக்குப் போன முதல் கோடையில், தையல்காரியின் பின்னறைத் தொலைபேசியிலிருந்து மணல் கொட்ட ஆரம்பித்தது. அங்கே சாலை போடும் ஆட்களுக்கு அவன் தண்ணீர் லாரி ஓட்டினான். அவன் பேசப் பேச மணல் விழும். சண்டை போட்டால் ஒரு முறம், கொஞ்சினால் இரண்டு. கொஞ்ச நாள் பெருக்கி அள்ளினாள். பள்ளிச் சீருடைத் தையல் குவிந்த மாதத்தில் அப்படியே விட்டுவிட்டாள். அறையில் மேடு எழுந்தது.

முதலில் வெயிலைத் திட்டியவன், வருடங்கள் போகப் போக வேறு மாதிரி பேசினான். விடியலில் மணல்மேட்டில் காற்று கோடு இழுப்பதையும், இமையில்லாத பல்லி நாக்கால் கண்ணைத் துடைத்துக்கொள்வதையும் சொன்னான். சொன்னதெல்லாம் மறுநாள் பின்னறையில் இருந்தது. பெரிய காதுள்ள குட்டி நரி வந்த அன்று நாத்தனார் எட்டிப் பார்த்து, "அண்ணி, உங்க சக்களத்திக்குக் காதுதான் கொஞ்சம் பெரிசு" என்றாள். தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. நரியின் உள்ளங்காலில் அடர்ந்த மயிரைப் பார்த்து, சூட்டுக்குச் செருப்போடு பிறந்திருக்கிறதே என்று அதிசயப்பட்டாள். அதன் பிறகு மாலையில் மெஷினை நிறுத்தியதும் அவள் உட்காருவது அந்த அறை வாசலில்தான்.

"கல்கௌதாரின்னு ஒரு பறவை. வயித்து இறகைத் தண்ணியில நனைச்சுக்கிட்டு, குஞ்சுக்காக அவ்வளவு தூரம் பறக்குது. அப்படியே என் பொழைப்புதான்" என்றான் ஒருநாள்.

"அது கூட்டுக்குத் திரும்பிடுதுல்ல?"

அவன் பேச்சை மாற்றி, பழையபடி வெயிலைத் திட்ட ஆரம்பித்தான். இந்த வருடமும் வேலையை நீட்டித்துக்கொண்டான் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த ஆத்திரத்தில், பாலைவனம் சாக்கடை வழியே ஒழியட்டும் என்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அறையைக் கழுவிவிட்டாள். மணல் அசையவில்லை. சில நாளில் அறை முழுவதும் பூத்தது; மஞ்சளும் ஊதாவுமாகக் கட்டில் கால்வரை.

அவள் சொன்னபோது அவன் குரல் இறங்கியது. "இத்தனை வருஷத்துல இங்க நான் ஒரு பூகூடப் பார்க்கலையே."

"அப்ப வந்து பாருங்க."

லீவு கிடைத்து அவன் வந்து சேர்வதற்குள் பூக்கள் காய்ந்து விதை உதிர்ந்துவிட்டது. பெட்டியைக்கூட வைக்காமல் மணலில் உட்கார்ந்தான்.

"மறுபடி எப்ப பூக்கும்?"

"மழை பெஞ்சா."

"பின்னறையிலயா?"

"பெய்யாமலா போயிடும்?"

"சரி, பூக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்றான்.

லீவு முடிந்தது. உள்ளூரிலேயே ஒரு லாரி கிடைத்தது. மாலைகளில் இருவரும் அந்த வாசலில் உட்காருகிறார்கள், நடுவில் நரி. சில சமயம் அவன் பார்வை மேட்டைத் தாண்டி வெகுதூரம் போய்விடும். அவள் கூப்பிட்டால் திரும்பும். வீட்டைத் துடைக்கும்போது அவள் வாளியை அந்த வாசல் பக்கம் கொண்டுபோவதில்லை. மணலுக்குத் தண்ணீர் என்ன செய்யும் என்று, காலமெல்லாம் தண்ணீர் லாரி ஓட்டியவனுக்குத் தெரியாமல் இருக்காது. அவனும் இதுவரை ஒரு குவளைகூட ஊற்றவில்லை.