அக்கா கொடுத்த கூஜா

தையல்காரருக்கு அக்கா என்றால் உயிர். அக்காவுக்குக் கூஜா தூக்குகிறவர் என்று தெருவே கேலி செய்யும். அக்காவும் சும்மா இருக்காமல், மூன்று வருடத்துக்கு முன்னால் பழைய பித்தளைக் கூஜா ஒன்றை நிஜமாகவே தம்பி கையில் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று முதல் அந்த வீட்டில் எலுமிச்சை ஜூஸ் என்றால் அதில்தான்.

அவருடைய நாலு வயது மகளுக்கு ஓயாத வயிற்றுவலி. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், ஈயம் ஏறியிருக்கிறது, வீட்டில் பழைய பாத்திரம் ஏதாவது புழங்குகிறீர்களா என்று கேட்டார். தையல்காரரின் மனைவி செல்போன் பழுதுபார்க்கும் கடையில் நாள் முழுக்க ஈயம் பற்றவைக்கிறவள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கூஜாவுக்குள் டார்ச் அடித்தாள். அடியைச் சுற்றி விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஈயப் பற்று ஓடியது. அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணவர் மசியவில்லை. "எங்க அக்கா குடுத்ததுல விஷமா இருக்கும்? நீதான் கடையிலேருந்து ஈயத்தை ஒட்டிக்கிட்டு வர்ற."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இருக்குமோ என்ற பயமும் வந்தது. அன்றிலிருந்து குளித்து உடை மாற்றாமல் குழந்தையைத் தொடுவதில்லை. ஆனால் பகல் முழுக்கக் குழந்தை இருப்பது தையல் மெஷின் பக்கத்தில், அப்பாவோடு, அந்தக் கூஜாவோடு.

கூஜாவைப் பரணில் ஒளித்தாள். சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது. தூக்கி எறிந்தால் அக்காவையே எறிந்ததாகிவிடும். கடைசியில், அவர் பட்டன் வாங்கப் போன நேரம் பார்த்து, பற்றைச் சூடுகாட்டி இளக்கிவிட்டாள். கூஜா ஒழுகியது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள அவள் படாத பாடுபட்டாள்.

மறுநாள் அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். பாத்திரக்காரரிடம் சொல்லி, இனி ஜென்மத்துக்கும் ஒழுகாதபடி இரண்டு மடங்கு ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டு, நாத்தனாரையே விருந்துக்கு அழைத்தாள். ரத்தச் சோதனைச் சீட்டை அவள் முன்னால் விரித்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தாள்.

நாத்தனார் வந்தாள். கூஜாவிலிருந்து முதல் டம்ளர் அவளுக்குத்தான் ஊற்றப்பட்டது. அவள் அதைத் தள்ளி வைத்தாள்.

"இதுல வேணாம்மா. வேற எதுலயாவது கலந்து குடு."

ஏன் என்று தம்பி கேட்டார்.

"ஈயம் பத்த வச்சதுடா இது. புளிப்பு ஊத்துனா கரைஞ்சு எறங்கும், தூக்கிப் போடுங்கன்னு எங்க டாக்டர் சொன்னாரு. எனக்குத்தான் மனசு வரல. நீ அலமாரியில அழகுக்கு வைப்பேன்னு நெனச்சுக் குடுத்தேன். இதுலயா குடிக்கிற?"

மனைவி எடுத்து வைத்திருந்த சோதனைச் சீட்டை மடித்து உள்ளே வைத்தாள். ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. அத்தை தள்ளி வைத்த டம்ளரை நோக்கி மகள் கையை நீட்டினாள். தையல்காரர் பாய்ந்து தட்டிவிட்டார். பக்கத்தில் தைத்து முடித்து வைத்திருந்த சட்டைகள் மேலெல்லாம் ஜூஸ் கொட்டியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மகளை வாரி எடுத்துக்கொண்டார்.

"மூணு வருஷமா பாப்பாவுக்கு இதுலதான்க்கா குடுக்கிறேன்," என்றார்.