ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு

வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வருமா, வெளிச்சம் வருமா என்று கேட்பார்கள். என் கணவர் லிஃப்ட் எப்போது மாட்டியது என்று கேட்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் லிஃப்டில் மேலும் கீழும் போய்வந்து, கதவு மூடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "கதவு இழுக்குது. இந்த வீடு வேணாம்" என்பார். குடியிருக்கப்போவது வீட்டிலா லிஃப்டிலா என்று கேட்டால், வெளியாள் முன்னால் மானத்தை வாங்குகிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

என் மாமனார் இன்னொரு விதம். காலமெல்லாம் தையல் மெஷின் மிதித்தவர். எதைப் பார்த்தாலும் அவருக்குத் துணியாகத்தான் தெரியும். "ஹால் நல்ல கட்டிங்மா. பெட்ரூம்லதான் துணி பத்தாம இழுத்துப் புடிச்சிருக்கான்" என்பார். இந்த இரண்டு பேரையும் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் முழுக்க வீடு பார்த்த எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்றால், அதில் என் தப்பு ஒன்றுமில்லை.

எனக்குப் புது ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்ததால் நாங்கள் மூவரும் இந்தப் பக்கம் குடிபெயர்ந்தோம். வீடு கிடைக்கும்வரை தங்கிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தார்கள். மூன்று கட்டில், ஒரு குளியலறை, துணி காயப்போட ஒரு கம்பி. அடுப்பு மட்டும் வைக்கக் கூடாதாம். அதனால் மூன்று வேளையும் ஹோட்டல்தான். வீடு பார்க்கப் போகிற தெருவில் எந்த ஹோட்டல் கண்ணில் படுகிறதோ, அதில் நுழைந்துவிடுவோம்.

எங்கே நுழைந்தாலும் மாமா சாப்பிடவில்லை. எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். அத்தை போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு மாமா தட்டின் முன் உட்காருவார், நாலு வாய் அள்ளிப்போடுவார், "போதும்மா" என்று எழுந்துவிடுவார். பழைய வீட்டில் என் சமையல்தான் பிடிக்கவில்லை என்று நினைத்து உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவருடைய பேண்ட்டைத் துவைக்கப் போடும்போது இடுப்புப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். உள்ளே பிடித்துத் தைத்திருந்தார். அதற்குள் இன்னொரு தையல். அதற்கும் உள்ளே இன்னொன்று. இளைப்பது எங்கள் கண்ணில் படக்கூடாது என்று மனிதர் தானே உட்கார்ந்து தன்னைச் சிறுசாக்கிக்கொண்டே வந்திருக்கிறார். கையில் பேண்ட்டை வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு, சொல்லாமல் மறைத்தாரே என்று கோபம் வந்தது. எங்கள் டாக்டரிடம் காட்டினேன். "நோய் ஒண்ணும் இல்ல. ஆனா இப்படியே போனா அட்மிட் பண்ணி மூக்கு வழியாத்தான் ஊத்தணும்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் புரோக்கருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சூப்பர்'. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும். "பிரைவசி சூப்பர் மேடம்" என்பார். குழாயைத் திறந்தால் காற்று வரும். "பிரஷர் சூப்பர் மேடம்" என்பார். அவருக்கு எப்போதும் அடுத்த பார்ட்டி காத்துக்கொண்டிருக்கும். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் ஹோட்டல் வாசலில் பைக்கை அணைக்காமலே நிற்பார். உள்ளே நாங்கள் அடித்துப் பிடித்துச் சாப்பிடுவோம். "சீக்கிரம் மாமா, அடுத்த வீட்டு ஓனர் வெளிய கிளம்பிடுவாராம்" என்று நான் விரட்டுவேன். பாதி வாயில் போன் வந்து என் கணவர் எழுந்து வெளியே போவார். அவரைக் கூப்பிட நான் போவேன். திரும்பி வந்தால் மாமா கை கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

ஆனால் ஹோட்டலைப் பற்றித் தீர்ப்பு மட்டும் தவறாமல் சொல்வார். சூப்பு சாயம் போயிருக்கிறது. நூடுல்ஸில் முடிச்சு விழுந்திருக்கிறது. கண்ணாடி மேஜையும் குளிர்சாதனமுமாக ஒரு பெரிய ஹோட்டல். அங்கே வறுத்த மீனைத் தட்டில் இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேல வெல்வெட்டு, உள்ள கோணி" என்றார். பரிமாறியவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக் குனிந்து நன்றி சொன்னார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மழை நாள் வந்தது. டயர் கடைச் சந்தில் ஒரு வீடு இருக்கிறது, நேரே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்த சூப்பர், மழையில் எங்கேயோ மாட்டிக்கொண்டார். நாங்கள் நனைந்துகொண்டே ஓடி ஒரு சின்ன ஹோட்டலில் ஒதுங்கினோம். நாலே மேஜை. சமைப்பதும் பரிமாறுவதும் ஒரே அம்மாள். சோறு, கோழிக்கறி, ஒரு காய். வேறு எதுவும் கிடையாது. வெளியே மழை சாத்து சாத்து என்று சாத்தியது. போவதற்கு இடமில்லை, கூப்பிடுவதற்கு ஆளில்லை.

என் கணவர், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு மேனேஜர் கதையை ஆரம்பித்தார். மாட்டிக்கொண்ட பயத்தில் மேனேஜர் கூட இருந்த டிரைவரிடம் சம்பளத்தைக் கூட்டுகிறேன் என்று சத்தியம் செய்தாராம். கதவு திறந்ததும் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றாராம். இதே கதையைப் போன வருஷம் சொன்னபோது சம்பளம் இல்லை, லீவு என்று சொன்னீர்கள் என நான் பிடித்துக்கொண்டேன். அவர் இல்லை என்றார். நான் விடவில்லை. "எனக்கு ரெண்டையும் சொல்லியிருக்கான்" என்றார் மாமா. "உங்க அத்தைகிட்ட சொன்னப்போ அதுல டிரைவரே கெடையாது." அத்தை பெயரை அவர் தானாக எடுத்தது அதுதான் முதல் தடவை. மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

அப்போதுதான் பார்த்தேன். மாமாவின் தட்டு காலி. துடைத்துப்போட்ட மாதிரி காலி. அது போதாதென்று அந்த அம்மாளைக் கூப்பிட்டு, "இன்னொரு தட்டு கொண்டு வாங்கம்மா" என்றார். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று, கதையில் டிரைவரைக் காணாமல் அடித்ததற்காகக் கணவரை இன்னும் இரண்டு வார்த்தை திட்டினேன்.

அன்று முடிவு செய்தேன். வீடு என்றால் இந்தச் சந்தில்தான். இந்த அம்மாளின் கைச் சமையல்தான் மாமாவுக்கு மருந்து.

மறுநாள் சூப்பர் ஒரு வீடு காட்டினார். அந்த வீட்டை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போகலாம். காலை வெயில் சமையலறை வரை வந்து உட்காரும். லிஃப்ட் வெண்ணெய் மாதிரி ஏறி இறங்குகிறது என்று என் கணவர் மூன்று தடவை போய்வந்தார். மாமாவே, "அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும்மா" என்றார்.

"வேணாம். டயர் கடைச் சந்துல இருந்த வீட்டைக் காட்டுங்க" என்றேன்.

சூப்பருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சூப்பர் என்ற சொல் வரவில்லை. "மேடம், அது வேணாம் மேடம். நானே சொல்றேன்."

"அங்க ஹோட்டல் பக்கத்துல இருக்கு."

"ஹோட்டலுக்காக யாராச்சும் வீடு பாப்பாங்களா மேடம்? வீட்டுக்காக ஹோட்டல் பாப்பாங்க!"

நான் ஒற்றைக்காலில் நின்றேன். அந்த வீட்டையே பிடித்தேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் ஓட்டிவிட்டு என் கணவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். சமையலறையில் ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமானால், ஆள் முதலில் வெளியே போய் நிற்க வேண்டும். மாமா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சுற்றுவதற்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. "இது வீடு இல்லம்மா, பாக்கெட்" என்றார். அதோடு சரி, வேறு குறை சொல்லவில்லை.

ஹோட்டல்கார அம்மாளிடம் பேசி, மதியமும் இரவும் மாமாவுக்கு அங்கேயே சாப்பாடு என்று ஏற்பாடு செய்தேன். எனக்கு ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் மாலை ஷிஃப்ட். என் கணவரை எந்த லிஃப்ட் எப்போது கூப்பிடும் என்று சொல்ல முடியாது. அவர் வண்டியிலேயே சாப்பிடுவார், நான் அடுப்புப் பக்கத்தில் நின்றபடி வாயில் போட்டுக்கொள்வேன். மாமா மட்டுமாவது ஒழுங்காகச் சாப்பிடட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. வீட்டுக்கு வந்ததும், "சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்பேன். "ஆச்சும்மா" என்பார். இந்தப் பொந்தில் வந்து அடைந்ததற்கு அது ஒன்று போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் என் கெட்டிக்காரத்தனத்தை அளந்தும் வைத்தேன்.

ஒருநாள் எக்ஸ்ரே மெஷின் படுத்துவிட்டது. மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சந்தில் திரும்பும்போது ஹோட்டல் கண்ணாடி வழியாக மாமா தெரிந்தார். அதே மேஜை. தட்டில் சோறு குவித்தது குவித்தபடி இருந்தது. ஓரத்தில் மட்டும் நாலு வாய் எடுத்த பள்ளம். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து இன்னும் மெலிந்திருந்தது. தினமும் பார்க்கிறவளுக்கு அது அன்றுதான் தெரிந்தது.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கதவைத் தள்ளிக்கொண்டு போய் நேரே ஹோட்டல்கார அம்மாளைப் பிடித்தேன். "என்ன பண்ணி வச்சிருக்கீங்க சமையல்ல? ஆளை மாத்திட்டீங்களா? எண்ணெயை மாத்திட்டீங்களா? உங்களை நம்பித்தானே இந்தச் சந்துக்கே குடிவந்தோம்!"

அந்த அம்மாள் கரண்டியோடு திகைத்து நின்றார். "அதே அடுப்பு, அதே கோழிதாங்க. நான் என்னத்த மாத்தப் போறேன்?"

"அவங்கள ஏம்மா திட்டுற?" என்றார் மாமா பின்னாலிருந்து. "அவங்க சமையல்ல ஒண்ணும் மாறல. அன்னைக்கும் இது சுமாராத்தான் இருந்துச்சு." பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, "தப்பா நெனைச்சுக்காதீங்கம்மா" என்றார்.

"சுமாரா? மழை அன்னைக்கு ரெண்டு தட்டு சாப்பிட்டீங்களே மாமா! இன்னொரு தட்டு நீங்கதானே கேட்டீங்க!"

"கேட்டேன்." அவர் மேஜையைத் தடவிக்கொண்டு சொன்னார். "தட்டு காலியானா எல்லாரும் எந்திரிச்சுடுவோமேன்னு கேட்டேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"நீயும் அவனும் அன்னைக்குத்தான் எங்கயும் ஓடாம உக்காந்திருந்தீங்க. மழை வேற விட்டுடும் போல இருந்துச்சு. வயித்துல எடமில்ல. ஆனா இன்னொரு தட்டு வந்தா இன்னும் கொஞ்ச நேரம் உக்காருவீங்கல்ல?" என்றார். "தனியா உக்காந்தா எறங்கலம்மா. உங்க அத்தை இருந்தா எதிர்ல உக்காந்து ஏதாச்சும் திட்டிக்கிட்டே இருப்பா. நான் பாட்டுக்குச் சாப்பிட்டுருவேன்."

அவர் தட்டில் விட்ட சோற்றுக்கெல்லாம் என் கைப்பக்குவத்தைக் குறை சொன்னேன், ஹோட்டல்களைக் குறை சொன்னேன், இப்போது பாவம் இந்த அம்மாளையும் வைது தீர்த்துவிட்டேன். ஒரு வேளை கூட அவர் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும்.

"இதை வீடு பாக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல மாமா! எப்படிப்பட்ட வீடு அது! வெயில் அடுப்படி வரைக்கும் வந்துச்சு! அதை வேணாம்னுட்டு இந்தப் பொந்துல கொண்டுவந்து எல்லாரையும் அடைச்சிருக்கேன்!"

"நீ கேக்கலையேம்மா. ஹோட்டல் புடிச்சிருக்கான்னுதான் கேட்ட. நீ அவ்வளவு ஆசையா கேக்கும்போது எப்படி இல்லேன்னு சொல்றது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவருக்குப் போன் போட்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்றால், ஒரு லிஃப்ட் மேல் உட்கார்ந்திருக்கிறாராம். உள்ளே ஆள் யாரும் இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிட்டு உடனே ஹோட்டலுக்கு வாருங்கள் என்றேன். என்ன ஆச்சு, அப்பாவுக்கு ஏதாவதா என்று பதறினார். "ஒண்ணும் இல்ல. சாப்பிட வாங்க" என்று சொல்லி வைத்தேன்.

ஹோட்டல்கார அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 'சுமார்' என்ற சொல் மட்டும் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மாமாவின் ஆறிய தட்டை எடுத்துக்கொண்டு போய் வேறு சூடாகக் கொண்டுவந்து, டங்கென்று வைத்தார்.

"இனிமே ஒரு வேளையாவது மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம் மாமா" என்றேன். "ஷிஃப்டோ லிஃப்டோ, என்ன வந்தாலும் சரி. சண்டை சச்சரவு இல்லாம, நிம்மதியா."

மாமா தட்டிலிருந்து நிமிர்ந்தார். "ஒண்ணா உக்காரு. அது சரி. சண்டை வேணாம்னு மட்டும் சொல்லாதே" என்றார். "சண்டை போட்டாத்தாம்மா சாப்பாடு முடிய நேரமாகும்."

நான் எனக்கும் ஒரு தட்டுச் சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன்.