சுவரில் மகனின் முகம்

சான் பிரான்சிஸ்கோவில், ஸ்பானிஷ் பேசுபவர்கள் நிறைந்த மிஷன் வட்டாரத்தில் அந்த வருடம் சாவு விழாத தெரு இல்லை. என்ன நோய் என்று கேட்டால் நிமோனியா என்பார்கள், ஈரல் கோளாறு என்பார்கள். எய்ட்ஸ் என்ற சொல் மட்டும் யார் வாயிலிருந்தும் வராது. இலவசமாக இரத்தம் சோதிக்க ஒரு மருத்துவ நிலையம் திறந்து, ஸ்பானிஷ் பேசும் நர்ஸ் ஒருவரையும் உட்கார வைத்திருந்தார்கள். அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த வட்டாரத்து இளைஞன் ஃபெர்மின் தன் முகத்தையே சுவரொட்டியாக அச்சடிக்கத் துணிந்தான். அவன் தோழி செலாவின் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய இடம். வேலைநிறுத்தமோ, வாடகைப் போராட்டமோ, சுவரொட்டி அங்கேதான் பிறக்கும். செலா பெண்களைக் காதலிப்பவள். அதை ஒருநாளும் தணிந்த குரலில் சொன்னதில்லை. துணி கட்டிய சட்டத்தை அவள் பிடித்துக்கொள்ள, ஃபெர்மின் ரப்பர் பட்டையால் மையை இழுத்தான். தாளில் அவனும் அவன் காதலன் பால்தசாரும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்தார்கள். கீழே: ‘நாங்கள் காதலர்கள். சோதித்துக்கொண்டோம். நீங்களும் வாருங்கள்.’

மாலையில் ஒட்டினால் காலையில் சுவர் காலியாக இருந்தது. மறுபடி ஒட்டினார்கள். மறுபடியும் காணோம்.

“எவன்டா அவன்? கையில கெடச்சான்னா அவன் மூஞ்சியையே சட்டத்துல மாட்டி மை தடவிடறேன்” என்றாள் செலா.

விடியும் நேரத்தில் இருவரும் ஒரு வேனுக்குப் பின்னால் காத்திருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு கிழவர் வந்தார். சுவரொட்டியைத் தண்ணீர் தொட்டு நனைத்து, மாவு வெட்டும் தகட்டால் ஓரம் ஓரமாக நெம்பி, கிழியாமல் முழுசாக உரித்து மடித்தார். ஃபெர்மின் வேனுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். அது ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் அவன் அப்பா லியோன்சியோ.

“அப்பா! நீங்களா?”

அவர் திடுக்கிட்டாலும் தாளைக் கீழே போடவில்லை.

“அவ்வளவு அசிங்கமாவா இருக்கேன் நான்?” என்றான் ஃபெர்மின்.

“வாய மூடுடா. நம்ம எல் சல்வதோர் நாட்டுல உங்க சித்தப்பன் இலாரியோ மொகத்த சுவத்துல ஒட்டுனாங்க, தொழிற்சங்கத் தலைவன்னு. ஒரு வாரம் தாங்கல. பட்டாளத்தானுங்க ஆள தூக்கிட்டுப் போயிட்டானுங்க. சுவத்துல மொகம் வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியாது.”

“இது வேற ஊருப்பா.”

“போன மாசம் பஸ் ஸ்டாப்புல உன்ன மாதிரி ஒரு பையன அடிச்சே கொன்னானுங்களே, அது எந்த ஊரு? நீ யார்கூட இருக்கேன்னு நான் ஒரு வார்த்த கேட்டிருக்கேனா?”

“கேக்கல. அதுதாம்பா வலிக்குது.”

கிழவர் மடித்த தாளைத் தடவினார். செலா குறுக்கிட்டாள். “பயம் நியாயந்தான், லியோன்சியோ ஐயா. ஆனா ஜனங்க வெக்கப்பட்டுக்கிட்டே சாவுறாங்க. ஒட்டாம எப்படி இருக்கறது?”

“ஒட்டு. ஒண்ணு ரெண்டு மொகத்த மட்டும் ஒட்டாத. ஒண்ணு ரெண்டுன்னா குறி வெச்சிருவான். தெரு முழுக்க மொகமா இருந்தா யாரத் தேடுவான்?”

செலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இவ்வளவு யோசன வெச்சுக்கிட்டு எதுக்கு மனுஷா சுவத்தச் சுரண்டிக்கிட்டு இருந்தீங்க?”

செலா தெருத்தெருவாகச் சொல்லி அனுப்ப, அந்தச் சனிக்கிழமை பட்டறைக்குள் நிற்க இடமில்லை. ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழும் பாடகி ரெமிகியா உதட்டுச் சாயம் கலையாமல் வந்து முதலில் உட்கார்ந்தாள். காதலனைப் பறிகொடுத்த இறைச்சிக் கடைக்காரர் வந்தார். மகளின் காதலியைக் கையோடு கூட்டிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். படம் பிடிக்கப் பிடிக்க, அவரவர் சொன்ன வாசகத்தோடு முகங்கள் அச்சாகிக் கொடியில் காய்ந்தன.

மாலையில், புருவத்தில் மாவோடு லியோன்சியோ வந்து நின்றார். “என்னையும் பிடி.”

“கீழ என்னப்பா போடட்டும்?” என்று கேட்டான் ஃபெர்மின்.

அவர் புருவத்து மாவைத் துடைத்துக்கொண்டார். ‘தனியாகப் போகப் பயமா? ரொட்டிக் கடையில் லியோன்சியோவைக் கேளுங்கள். கூட வருகிறேன்’ என்று எழுதச் சொன்னார்.

தெரு முகங்களால் நிறைந்தது. சிலவற்றின்மேல் யாரோ தாரை ஊற்றினார்கள். செலா அதே இடத்தில் புதிதாக ஒட்டினாள். ரொட்டிக் கடையிலோ, இனிப்பு பன் வாங்கிய பிறகும் நகராமல் நிற்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். லியோன்சியோ ஒன்றும் கேட்கமாட்டார். மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, “வா, நடப்போம்” என்பார்.

ஒருநாள் மருத்துவ நிலையத்தின் சன்னலில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஃபெர்மின், அப்பா ஒரு பஸ் டிரைவரோடு வருவதைப் பார்த்தான். சீருடையில் இருந்த அந்தப் பெரிய உடம்பு வாசலிலேயே நின்றுவிட்டது. “இல்ல, நான் போறேன், எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு” என்று திரும்பினார். லியோன்சியோ அவர் முழங்கையை விடவில்லை. அவரை உள்ளே கூட்டிப் போய், தன் சட்டைக் கையை மேலே சுருட்டி, நர்ஸ் முன்னால் தன் கையை நீட்டினார்.

“உங்களுக்கு எதுக்கு ஐயா?” என்றார் நர்ஸ்.

“எனக்குத்தாம்மா சோதிக்கணும். தனியா வரக் கூச்சமா இருந்துச்சு. பாவம், இந்தத் தம்பி தொணைக்கு வந்தாரு. வந்ததுதான் வந்தாரு, அவருக்கும் கொஞ்சம் ரத்தம் எடுத்து விடுங்க.”

டிரைவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சன்னலுக்கு வெளியே ஃபெர்மின், பசை உலர்வதையும் மறந்து, அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.