கனமில்லாத கதவு

சமையலறை அலமாரியின் கதவு மூன்றாவது முறையாகக் கீலோடு பிடுங்கிக்கொண்டு விழுந்ததும், தையல்காரி, தச்சுவேலை செய்யும் தன் அண்ணனிடம் உளி கேட்கப் போனாள்.

"உளி எதுக்கு? ஞாயித்துக்கிழமை நானே வந்து அலமாரியைக் கழட்டிட்டுப் புதுசா அடிச்சுத் தர்றேன்" என்றான் அவன்.

அவளுக்குப் பகீரென்றது. அந்த அலமாரித் தட்டுகள் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. அண்ணன் அடித்தால் அவன் உயரத்துக்குத்தான் அடிப்பான். அப்புறம் உப்பு எடுக்கக்கூட ஸ்டூல் தேட வேண்டும்.

"கதவுதான்ணே கனம். லேசா ரெண்டு கதவு நானே செஞ்சுக்கறேன்."

"சரி. ஞாயித்துக்கிழமை நான் வரும்போது ஒண்ணாவது நிக்கணும். இல்லேன்னா அலமாரி என் கையில" என்று உளியை எடுத்துக் கொடுத்தான்.

மரக்கடையிலேயே உள்விளிம்பில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி வாங்கிய மெல்லிய சட்டங்கள். அந்தக் காடிக்குள் செருக, அட்டை கனத்தில் பிளைவுட். பிளைவுட்டுக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கும் வேலையைக் கணவரிடம் கொடுத்தாள். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்கிற மனிதர். சனிக்கிழமை மதியம் மூன்று முறை கேட்டதற்கும் ஒரே பதில்: "காயல."

அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. முதல் கதவின் நாலு சட்டங்களையும் பசை தடவிச் சேர்த்தாள். தையல் டேப்பால் குறுக்கே மூலைக்கு மூலை அளந்தாள். இரண்டு குறுக்கும் ஒரே அளவு, சட்டம் கோணவில்லை. இறுக்கிக் கட்டிவிட்டு, பெருமையோடு சாயங்காலம் வரை தைத்துக்கொண்டிருந்தாள்.

"காஞ்சிடுச்சு" என்று மஞ்சள் பலகையோடு வந்த கணவர் சட்டத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பலகையைச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நாலு பக்கமும் மூடியாயிற்று. பலகை எந்த வழியாக உள்ளே போகும்?

"தலகாணி உறையை நாலு பக்கமும் தச்சிட்டு, பஞ்சை வெளியில வச்சுட்டு நிக்கறேன்" என்றாள்.

கணவர் யோசித்தார். "பிரிச்சுடேன்."

"பிரிச்சா மரம் கிழிஞ்சிடும்ங்க." சொல்லிக்கொண்டே சட்டத்தைத் திருப்பிப் போட்டாள். ரவிக்கை இறுகினால் முன்பக்கத்தை யாராவது பிரிப்பார்களா? உள்பக்கத் தையலைத்தானே பிரிப்பார்கள்! காடியின் பின்பக்க விளிம்பை மட்டும் உளியால் சீவி எடுத்தாள். பலகை பின்னாலிருந்து கச்சிதமாக உட்கார்ந்தது. அது விழாமல் இருக்க மேலே மெல்லிய மரப் பட்டிகள் வைத்துச் சின்ன ஆணி அடித்து, ராத்திரியே கதவை அலமாரியில் மாட்டினாள்.

ஞாயிறு காலை அண்ணன் ரம்பத்தோடு வந்தான். கதவை ஒற்றை விரலால் திறந்தான், மூடினான், மறுபடி திறந்து உள்பக்கத்தைத் தடவினான்.

"பலகையை ஏன் பின்னாடி இருந்து மாட்டியிருக்கே?"

அவள் வாயெடுப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "கலர் அலுத்துப்போனா கழட்டி மாத்திக்கலாம்னுதான் மச்சான்."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"உளி போன தடம் வேற கதை சொல்லுதே மாப்பிள்ளை."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னாள். அண்ணன் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"சிரிச்சுக்கோ. அலமாரி?"

"கதவு நிக்குதே, நான் என்ன பண்ண?" ரம்பத்தைப் பைக்குள் திணித்தான்.

எழுந்திருக்கப் போனவனின் மடியில் இரண்டாவது கதவின் சட்டங்களையும், இந்த முறை கூடவே மஞ்சள் பலகையையும் வைத்தாள். "அசையாம பிடி. பசை தடவணும்."